கட்டுக்கம்பி

ரிப்பேர் பார்க்க வந்த பிட்டர் டிராக்டரின் நான்காவது பிளக்கையும் கழற்றி, வாயால் ஊதி, என்ஜின் இரும்பில் ஒட்டிப் பிடித்தான். "சுத்துங்க மாமா."

டிரைவர் முன்பக்கத்துக் கைப்பிடியை இடது கையால் இழுத்துச் சுற்றினார். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. நேற்று கைப்பிடி எதிர்த்து உதைத்ததில் வீங்கியது. பிளக்கின் வாயில் சிவப்பாக, மங்கலாக ஒரு பொறி தெரிந்தது. அடுத்த சுற்றில் அதுவும் இல்லை.

"பாயிண்ட் புதுசு, காயில் மாத்திப் பாத்தாச்சு. கரண்டு வழியில எங்கயோ எறங்கிப் போகுது மாமா."

"அது என்ன பஸ்ஸுலயா வருது, எறங்கி நடந்து போக? ஒழுங்காப் பாரு மாப்ளே."

செங்கல் சூளைக்கு மேல் வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. டிராக்டர் படுத்து ஒன்பது நாள். "இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள கிளம்பலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். வண்டி இல்லாத எடத்துல டிரைவர் எதுக்கு?" என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு வண்டியைத்தான் டிரைவர் ஓட்டியிருக்கிறார். வேறு வேலை தெரியாது.

சூளையிலிருந்து ரோடு வரைக்கும் பன்னிரண்டு பெண்கள் செங்கல் சுமந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். டிரெய்லரில் ஏற்றுகிறவர்கள்தான். ஒன்பது நாளாகத் தலையிலேயே ரோடு வரை கொண்டுபோகிறார்கள். டிரைவரின் மனைவியும் அதில் ஒருத்தி. கல்லை இறக்கிவிட்டுத் தன் தம்பி பிட்டரிடம் வந்தாள்.

"ஒரு லோடு கூடக் கொறையல தெரியுமா? உங்க டிராக்டர விட நாங்க ஒசத்தி."

"நீ பெட்ரோல் குடிக்க மாட்ட, அதான்க்கா," என்றான் பிட்டர். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "இருட்டா இருந்தா கரண்டு எங்க ஒழுகுதுன்னு கண்ணுக்கே தெரியும். பட்டப் பகல்ல எங்க போறது?"

அவள் போய்க் காவல்காரரின் கம்பளியை எடுத்து வந்தாள். "இந்தா, இருட்டு."

பிட்டர் பிளக்குகளைத் திரும்ப மாட்டி, பெட்ரோல் குழாயை மூடினான். என்ஜின் மேல் கம்பளியைப் போர்த்தினார்கள். டிரைவருக்குப் பக்கத்துப் பார்வை மங்கல்; அதனால் மனைவிதான் முதலில் உள்ளே நுழைந்தாள். "நீங்களும் வாங்க, ரெண்டு பக்கமும் பாக்கணும்" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

சுமையோடு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"ஏன்டி, பட்டப் பகல்லயா?"

"அவசரம்டி. ரெண்டு மணிக்குள்ள முடிச்சாகணுமாம்," என்றாள் இன்னொருத்தி.

கம்பளிக்குள்ளிருந்து டிரைவர் கத்தினார். "போங்கடி வேலையப் பாத்துக்கிட்டு!" அவர் குரலிலும் சிரிப்புத்தான் வந்தது.

பிட்டர் கைப்பிடியைச் சுற்றினான். உள்ளே எண்ணெய் வாடை, இரண்டு பேரின் வேர்வை. "இங்க இல்ல... இங்கயும் இல்ல... டேய், இன்னொரு தடவை சுத்து. ஏங்க, அங்க பாருங்க! நீலமா!" எண்ணெய்க் குழாயின் ஓரத்தில் குட்டியாக ஒன்று சொடுக்கிச் சொடுக்கி மின்னியது.

கம்பளியை உருவி எறிந்தார்கள். காயிலிலிருந்து வரும் தடித்த வயரையும் நான்கு பிளக் வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, குழாயோடு கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தது. பழைய வயரின் தோலைக் கம்பி அறுத்திருந்தது. பிளக்குக்குப் போகவேண்டியது கம்பி வழியே இரும்பில் இறங்கியிருக்கிறது.

"யாரு இதைக் கட்டுனது?"

டிரைவர் மணிக்கட்டைத் தடவினார். "வயருங்க ஆடிக்கிட்டே இருந்துச்சு மாப்ளே. பாக்க நல்லா இல்லையேன்னு, அன்னைக்கு சாயங்காலம்..."

"மறுநாள் காலையில வண்டி படுத்துச்சா?"

"ஆமா."

"பொண்ணுக்குச் சடை பின்னுற மாதிரில்ல பின்னி வச்சிருக்கீங்க! ஒன்பது நாளா ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அழகு பண்ணதப் போயி யாராவது ரிப்பேருன்னு சொல்லுவாங்களா?"

மனைவி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒருநாள் சடை பின்னிருக்காரா கேளு!"

பிட்டர் கம்பியை வெட்டி எடுத்தான். சைக்கிள் டியூபைக் கீறி வயர்களுக்குத் தனித்தனியாகச் சுற்றி, ஒன்றை ஒன்று தொடாமல் விலக்கிவிட்டான். பெட்ரோலைத் திறந்து இரண்டே சுற்று. என்ஜின் இருமியது, கறுப்பாக ஒரு புகையைத் துப்பியது, பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. பெண்கள் கூடையைத் தட்டினார்கள். டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து மச்சினனைப் பார்த்து ஹாரனை அமுக்கினார். அது வேலை செய்யவில்லை. அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. மட்கார்டைத் தட்டினார். "பலே! உன் வேலை பொழச்சுது போ. டிரெய்லரை மாட்டு." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "ரோடு வரைக்கும் தூக்குறதுக்கே பன்னெண்டு பேரு போதுமா இருந்துச்சே. ஒரு லோடு கொறையல. டிரெய்லர்ல ஏத்த ஆறு பேரு போதும். நீ, நீ, அந்தப் பச்சைப் பொடவை..." சின்ன வயசுக்காரிகளாகப் பார்த்து ஆறு பேரைக் கை காட்டினார். டிரைவரின் மனைவி அதில் இல்லை. "மத்தவங்க நாளையிலிருந்து வர வேணாம். இப்பவே போனாலும் சரி."

டிரைவர் வாயைத் திறந்தார். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி அவரைப் பார்த்து, பேசாதீர்கள் என்று கையை அசைத்தாள்.

முதல் லோடு ஏறியது. ரோட்டுக்குப் போகும் குறுகலான மண்பாதையில் ஆறு பெண்கள் சும்மாட்டுத் துணியைப் பிரித்து உதறிக்கொண்டே முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். டிராக்டர் பின்னால் வந்ததும் அவர்கள் பாதையை விட்டுப் பள்ளத்தில் இறங்கி, முகத்தை மூடிக்கொண்டு, வண்டி போக வழி விட்டார்கள்.