தங்கசாமிக்குப் போன பிடியரிசி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஜெயசுதாவின் காதில் பாப்பாத்தி அந்தச் சேதியைப் போட்டாள். தங்கசாமியின் கொட்டகை வாசலில் மூன்று வாரமாக வைத்துவிட்டு வந்த அரிசிப் பைகள் அப்படியே கிடக்கின்றனவாம். கட்டுகூட அவிழ்க்கவில்லையாம்.

"திமிரப் பாத்தியாக்கா? நம்ம தெரு அரிசி அந்தாளுக்கு ஆவாதாம்" என்றாள் பாப்பாத்தி.

ஜெயசுதாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அது என்ன ரேஷன் அரிசியா, கிடந்தால் கிடக்கட்டும் என்று விட? சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போதெல்லாம், தன் பிள்ளைக்குப் போடுகிற அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போடுவார்கள். ஞாயிறு தவறாமல் அதைக் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெண்கள் சங்கத்தார் பை பையாகக் கட்டி, இல்லாதவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவார்கள். வாங்குகிறவர் கூச்சப்படக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ போட்ட சட்டம் அது.

தங்கசாமி பெயரைப் பட்டியலில் சேர்த்தவர் போதகர். அன்றைக்கே ஜெயசுதா சண்டை போட்டாள். "யாருக்கு வேணாலும் குடுங்கய்யா. அந்தாளுக்கு மட்டும் வேணாம்."

"முகத்தப் பாத்து இரக்கம் காட்டச் சொல்லி வேதத்துல எங்கம்மா இருக்கு?"

"வேதம் எழுதுனவங்க அம்மாவ யாரும் வெயில்ல போட்டு வெக்கல."

போதகர் பட்டியலை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். எழுதிய பெயரை அடிக்கவில்லை. சங்கச் செயலாளர் என்ற முறையில் அந்தப் பைகளைக் கட்டுகிற வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. மூன்று வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு, கயிறு அறுந்தால் அறுந்துபோகட்டும் என்று இறுக்கிக் கட்டினாள். கொண்டுபோய் வைப்பதற்குப் பாப்பாத்தியை அனுப்பினாள்.

அவள் கோபம் நேற்று வந்ததல்ல. எட்டு வருடத்துக்கு முன் அவள் அம்மா பொன்னாயி செத்தபோது, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையைத் தங்கசாமி முள் போட்டு அடைத்தார். பாதை அவருடைய முந்திரிக் கொல்லை ஓரமாகப் போகிறதாம், இனிமேல் அந்தத் தெருப் பிணம் போகக் கூடாதாம். ஜெயங்கொண்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து பேசி முள்ளை எடுக்கிறவரை, சித்திரை வெயிலில் பெட்டியை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு நாலு மணி நேரம் நின்றார்கள். ஜெயசுதா தன் சேலைத் தலைப்பைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டே நின்றாள். செத்தவளுக்கு வெயில் தெரியாது என்று யார் சொல்லியும் அவள் கையை இறக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு அரிசி! அதையும் அவர் தொடமாட்டாராம்! பாப்பாத்தி கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல், பைகளைத் திருப்பி எடுத்துவர ஜெயசுதா விறுவிறுவென்று கொல்லைக்கு நடந்தாள்.

சொத்தைப் பிரித்துக்கொண்டதும் தங்கசாமியின் மகன்கள் மாடிவீட்டைப் பூட்டிவிட்டார்கள். ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் பெரம்பலூரில். வாதம் வந்து விழுந்த அப்பனுக்குக் கொல்லையில் இருந்த மோட்டார் கொட்டகையும் ஒரு கயிற்றுக் கட்டிலும் மிஞ்சின. சமைத்துப் போட வைத்திருந்த பெண்ணும் பங்குனியோடு நின்றுவிட்டாள்.

வாசலில் இரண்டு பைகள் எறும்பு மொய்த்துக் கிடந்தன. மூன்றாவது, நிலைப்படி வரை இழுபட்டு அடிப்பக்கம் கிழிந்திருந்தது. எலி வேலை என்று நினைத்தாள்.

"ஏன் பெரியவரே, எங்க அரிசி ஒங்க தொண்டையில எறங்காதா?" வாசலில் நின்றே கத்தினாள். "வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதான? எத்தன புள்ளைங்க வாயில விழ வேண்டிய அரிசி தெரியுமா இது?"

உள்ளேயிருந்து குழறிய குரல் வந்தது. "யாரு... பொன்னாயி மவளா?"

"ஆமா. பேரெல்லாம் நல்லா ஞாபகம் இருக்குது!"

சண்டை போடத்தான் உள்ளே போனாள். தங்கசாமி கட்டிலில் சாய்ந்து கிடந்தார். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு. சொம்புத் தண்ணீரில் பச்சையாக அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அவர் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.

"கட்டு அவுக்க முடியல புள்ள. ஒத்தக் கை. ஒரு பைய அருவாளால கிழிச்சேன்" என்றார். "அடுப்புக்கிட்ட குந்த முடியல. ஊற வெச்சு மெல்லுறேன். ஆடு மேய்க்க வர்றவ எப்பவாச்சும் கூழு குடுப்பா."

"வெச்சுட்டுப் போறவங்கள ஒரு குரல் கூப்புட்டா என்ன?"

"நான் எந்திரிக்கறதுக்குள்ள ஓடிப் போயிடுறீங்களே."

ஜெயசுதாவுக்கு யார்மேல் பாய்வது என்றே தெரியவில்லை. இந்த ஆள்மேலா, பெற்ற கடனுக்குக்கூட இவரைத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள்மேலா, தட்டாமல் ஓடிவரச் சொன்ன சட்டத்தின்மேலா, அந்தக் கட்டை அப்படி இறுக்கிய தன் கையின்மேலா? பாழாய்ப் போக! பசிக்கிறவனுக்கு மூன்று வாரம் கட்டிப்போட்ட அரிசியைக் கொடுத்துவிட்டு, இரக்கம் காட்டினோம் என்று ஜெபம் வேறு செய்திருக்கிறார்கள்.

மூலையில் கல் அடுப்பும் ஒரு சட்டியும் தூசி படிந்து கிடந்தன. அவள் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"எங்க தெரு ஆளு ஒங்க வூட்டு அடுப்படிக்குள்ள கால் வெச்சதில்ல. நான் வடிச்சா திம்பீங்களா? இப்பவே சொல்லிருங்க. பொறவு மூஞ்சியத் திருப்புனீங்க, நடக்கிறதே வேற."

தங்கசாமி இடது கையால் சொம்பை அவள் பக்கம் தள்ளினார். "திங்கிறேன்" என்றார்.

முந்திரிச் சுள்ளியை ஒடித்துப் போட்டு அடுப்பை மூட்டினாள். அரிசி கொதிக்கிறவரை திட்டித் தீர்த்தாள். முள் வெட்டின கையைத் திட்டினாள், அதிகாரி வந்தபிறகும் இறங்காத மீசையைத் திட்டினாள், சிங்கப்பூரைத் திட்டினாள். நடுவில் அழுகை வந்தது. அது புகையால் வந்ததல்ல. கரண்டியை எடுத்து அவர் இடது கையில் கொடுத்தாள். கரண்டி சாய்ந்து கஞ்சி மார்பெல்லாம் சிந்தியது. "சரிதான், குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி ஒங்கம்மாவுக்கு நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தார் தங்கசாமி. கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிரு தாயி."

"மன்னிக்கல" என்றாள் ஜெயசுதா. கரண்டியில் இருந்த கஞ்சியை ஊதினாள். "நாளைக்கும் வருவேன். நாளைக்கும் மன்னிக்க மாட்டேன். என்னைக்கு முடியுதோ அன்னைக்குச் சொல்றேன். அதுக்காவ அது வரைக்கும் பட்டினியா கெடப்பீங்க? வாயத் தொறங்க."