மேல் பாதி, கீழ் பாதி

வியட்நாம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போகலாம் என்று ஆசைப்பட்டதே நான்தான் என்பதால் அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. தங்கையின் கைபேசியில் பார்த்தால், யாரோ வளைத்துப் போட்ட ஹோஸ் பைப் மாதிரி அந்த நாடு மேலிருந்து கீழே நீண்டு கிடந்தது. மேல் முனையைப் பெரிதாக்கிப் பார்த்தால் கீழ் முனை திரையில் இல்லை. கீழே இழுத்தால் மேலே இருந்தது காணாமல் போனது. அப்போதே எனக்குத் தலை சுற்றியது. அத்தோடு விட்டிருக்கலாம்.

நானும் என் வீட்டுக்காரரும் மூடி செய்கிறவர்கள். தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடுகிறீர்களே, அந்த மூடி. ஒரே தொழிற்சாலை, ஒரே எந்திரம், ஆனால் ஒரே நேரம் கிடையாது. அவர் பகல் ஷிப்ட் என்றால் நான் இரவு. நான் பகலுக்கு மாறினால் அவர் இரவுக்குப் போய்விடுவார். எந்திரத்தின் பெயர் மாமியார். எப்படி ஓட்டினாலும் ஏதாவது குறை சொல்லி நின்றுவிடும் என்பதால் எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ வைத்த பெயர். என் நிஜ மாமியார் தங்கமானவர், அவர் காதுக்கு இது எட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாமியாரின் மனம் கோணாமல் ஓட்டத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதால், ஃபோர்மேன் எங்களுக்குச் சேர்ந்தாற்போல் விடுப்பே தந்ததில்லை. எங்கள் கல்யாணத்தன்று மட்டும் எந்திரத்தை நிறுத்தினார். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

ஷிப்ட் மாறும்போது எந்திரத்தின் பக்கத்தில் நின்று ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கெட்டுப்போனதை மட்டும்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் கசிந்தால் சொல்லலாம், சூடு ஏறினால் சொல்லலாம். சரியாக ஓடுவதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நாங்கள் பழகியதே இந்தப் பேச்சில்தான். "இடது பக்க அச்சுல பிசிர் வருது, கையைக் கீறிடும், பாத்துக்க" என்று அவர் ஒருநாள் சொன்னார். நான் அதில் விழுந்துவிட்டேன். மற்ற பெண்களிடம் என்னென்னவோ சொல்லி மயக்குகிறார்களாம்.

வீட்டிலும் அதே ஒப்படைப்புதான். நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். "கேஸ் தீரப் போகுது. குழாய் ஒழுகுது." அவ்வளவுதான் குடும்பம். ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று கேட்பவர்களிடம், ஷிப்ட் ஒத்துவரவில்லை என்பேன். கேட்டவர்கள் அசடு வழிந்துகொண்டு போவார்கள். சொல்லிவிட்டு வந்து கொஞ்ச நேரம் எனக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் மாமியாரைக் கழற்றி எடுத்துவிட்டுப் புது எந்திரம் வைக்கப்போகிறார்கள் என்ற சேதி வந்தது. அது வந்து ஓடுகிறவரை எங்கள் இரண்டு பேருக்கும் விடுப்பு. ஒரே நேரத்தில். ஃபோர்மேன் அதைச் சொன்னபோது எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பகலும் இரவும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? கெட்டுப்போக ஒன்றும் இல்லாத வீட்டில் என்ன பேசுவது?

அந்தப் பயத்தில்தான் எங்காவது போகலாம் என்றேன். என் தங்கை கைபேசி கடையில் வேலை செய்கிறாள். தோழிகளோடு வியட்நாம் போய்வந்தவள். "ஒரே ஒரு பை போதும்க்கா. தோள்ல மாட்டிக்கிட்டுக் கிளம்பிட வேண்டியதுதான். விடுதியில அடுக்குக் கட்டில் இருக்கும், மேல ஒருத்தர் கீழ ஒருத்தர். ஊருக்கு ஊர் படுக்கை பஸ்ல போயிட்டா அன்னைக்கு ரூம் வாடகையும் மிச்சம்" என்று அவள் சொல்லச் சொல்ல, எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பஸ்ஸில் எதற்குப் படுக்க வேண்டும், அப்புறம் ஊரை எப்போது பார்ப்பது என்று கேட்டேன். "அக்கா, நீ பேசாம இரு" என்றாள்.

அவரிடம் சொன்னபோது அவர் "சரி" என்றார். ஒரே சொல். அதில் ஆசை இருந்ததா, சலிப்பு இருந்ததா, இவள் விடமாட்டாள் என்ற எண்ணம் இருந்ததா, ஒன்றும் பிடிபடவில்லை. எந்திரம் முனகினால் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்த மனிதரின் "சரி"யை மட்டும் இத்தனை வருஷத்தில் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் ஒப்படைக்கும்போது, "நாடு நீளமா இருக்கு. ஒருத்தரால திட்டம் போட முடியாது. மேல் பாதியை நான் பாத்துக்கறேன், கீழ் பாதியை நீ பாரு" என்றார். எங்கள் வீட்டில் எல்லா வேலையும் இப்படித்தான் நடக்கும் என்பதால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. ஏதோ விமான கம்பெனி விலையைக் குறைத்திருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஒரு டிக்கெட்தான், அவரவர் கைபேசியிலிருந்து அவரவர்தான் போட வேண்டும் என்று தங்கை சொன்னாள். நான் போட்டேன். அவரும் போட்டார். தேதியைச் சரிபார்த்துக்கொண்டோம், பை எவ்வளவு எடை இருக்கலாம் என்பதையும் சரிபார்த்துக்கொண்டோம். இரண்டும் ஒத்துப்போனது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகுதான் என் குழப்பம் கூடியது. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கொடியில் அவருடைய ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. போகிற இடத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்று நான் தெரிந்துகொண்டிருந்தேன். அதற்காகக் குடையும் மெல்லிய பருத்திச் சட்டைகளும் எடுத்து வைத்திருந்தேன். இவர் எதற்கு ஸ்வெட்டர் காயப்போடுகிறார்? இன்னொரு நாள் காலுறை வாங்கி வந்தார், கம்பளிக் காலுறை. என் குடையை அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பதையும் கவனித்தேன். அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்வெட்டர் ஒன்றும் கெட்டுப்போன பொருள் இல்லையே, அதைப் பற்றி என்னவென்று பேச்சை எடுப்பது? ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. இந்த மனிதர் என்னோடு வருகிறாரா, வேறு எங்காவது போகிறாரா என்றுகூடத் தோன்றிவிட்டது.

மாமியாரை நிறுத்துவதற்கு முந்தைய சாயங்காலம் நான் பகல் ஷிப்ட் முடித்து வந்தேன், அவர் இரவு ஷிப்டுக்கு வந்தார். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் தங்கை எங்களைப் பிடித்து உட்கார வைத்தாள். விசாவுக்கு எழுதிப் போட வேண்டுமாம். பெயர், பிறந்த தேதி எல்லாம் அவளே போட்டுக்கொண்டு வந்தாள்.

"எந்த ஊர்ல போய் இறங்குறீங்க?" என்று கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஹனோய்" என்றார் அவர்.

"சைகான்" என்றேன் நான்.

தங்கை நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாமா, விளையாடாதீங்க. ரெண்டு பேரும் ஒரே விமானம்தானே?"

அவள் கைநீட்டி இரண்டு கைபேசிகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே தேதி. ஒரே கம்பெனி. அவர் போகிற இடம் பைப்பின் மேல் முனை, நான் போகிற இடம் கீழ் முனை. மேலே குளிராம், கீழே வெயிலாம்; ஸ்வெட்டருக்கும் குடைக்கும் அதுதான் காரணம்.

"மேல் பாதி என்னோடதுன்னு சொன்னேன்ல" என்றார் அவர் மெதுவாக. "மேலேயிருந்துதானே ஆரம்பிப்பாங்க?"

"கீழ் பாதி என்னோடதுன்னா நான் கீழேயிருந்துதானே ஆரம்பிப்பேன்?" என்றேன்.

"கல்யாணம் ஆன ரெண்டு பேரு, எங்க போறோம்னு ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்களா?" என்று தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள். குறைந்த விலை டிக்கெட் என்பதால் மாற்ற முடியாது, ரத்து செய்தால் பைசா திரும்பாது என்றும் சொன்னாள். அதற்குள் சங்கு ஊதியது. அவர் எழுந்து, என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை நான் ஷிப்டுக்குப் போனபோது அவர் மாமியாரின் பக்கத்தில் நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது. "எண்ணெய் கசியுது. வலது பக்கம் சூடு ஜாஸ்தி" என்றார். பிறகு, "யோசிச்சுப் பாத்தேன். நான் மேலேயிருந்து இறங்கி வர்றேன், நீ கீழேயிருந்து ஏறி வா. நடுவுல பாத்துக்கலாம். காசும் வீணாகாது" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நடுவுல பாத்து என்ன பண்றது? நீங்க பாத்த பாதி எப்படி இருக்குன்னு என்கிட்ட ஒப்படைச்சிட்டு நீங்க கீழ போங்க, நான் மேல போறேன். அங்கேயும் ஷிப்ட் மாத்திக்கலாம்."

அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"கூட இருக்கணும்னுதான் கேட்டேன். ஊர் பாக்கணும்னு இல்ல" என்றேன். "என்கூட இருக்கப் புடிக்கலைன்னா அதையாவது ஒப்படைச்சிட்டுப் போங்க. அதுவும் பழுதுதானே?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு நான் செய்த மூடிகளில் பாதிக்குப் பிசிர். ஃபோர்மேன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, மாமியாருக்குக் கடைசி நாள், அதனால் அடம் பிடிக்கிறது என்றார். நான் ஆமாம் என்றேன். சாயங்காலம் ஃபோர்மேனே வந்து விசையை அணைத்தார். அந்தக் கூடம் அப்படி ஓய்ந்து கிடந்து நான் பார்த்ததில்லை. என் காது என்னவோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது பழக்கத்தில் ஒதுங்கி நின்றேன், அவர் வெளியே போக வழிவிட்டு. அவர் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உன் விமானத்துலேயே டிக்கெட் போட்டுட்டேன்" என்றார்.

"விலை குறைச்சது முடிஞ்சிருக்குமே. எவ்வளவு?"

"அதைக் கேக்காத." பிறகு, "அதனால மேல் பாதி போச்சு. பஸ்ஸுக்குக் காசு இல்ல. கீழேயே ஏதாவது ஒரு ஊர்ல ஒரு ரூம் எடுத்து இருக்க வேண்டியதுதான். சுத்திப் பாக்கறதுக்கும் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

"சும்மாவா இருக்கறது?"

"சும்மாதான்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "புடிக்காம இல்ல. நான் திட்டம் போட்ட மேல் பாதியில ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்கற மாதிரி விடல. ஒரு பஸ் விட்டு இன்னொரு பஸ். பழுது ஒண்ணும் இல்லாதப்ப உன்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. பயமா இருந்துச்சு."

என் கீழ் பாதியும் அப்படித்தான். படகு, சந்தை, மியூசியம், மறுபடி படகு. அதை அவரிடம் சொன்னேன். எனக்கும் அதே பயம்தான் என்றும் சொன்னேன். சொன்னதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குப் பயந்து நாட்டின் இரண்டு கோடிக்கு ஓடியிருக்கிறோம்.

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் அந்த வீட்டில் இரண்டு நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. குழாய் ஒழுகவில்லை, அதை அவர் சரிசெய்துவிட்டார். கேஸ் போன வாரம்தான் மாற்றினோம். சொல்வதற்கு ஒரு பழுதும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஃபேன் நல்லா ஓடுது" என்றார்.

நானும் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, அதனால் ஃபேன் சரியாகத் தெரியவில்லை.

"ஆமாங்க" என்றேன். "ரொம்ப நல்லா ஓடுது."