சோர்ஸில் இல்லாத வரி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மாடிப்படியில். ஒட்டுக்கேட்டேன் என்று சொன்னால் கௌரவக் குறைச்சல். மேல்வீட்டுக்காரி கதவைச் சாத்தாமல் அழுதாள். எனக்குக் காது இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘அண்ணன் போய் ஒரு வருஷமாகியும் அவள் கம்ப்யூட்டரில்...’ அடித்துவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே சாவென்றால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

2

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். (எனக்கு மூன்று முறை விளக்கினாள், நாலாவது முறை முறைத்தாள்.) மனுஷர் படிக்கிற மாதிரி எழுதிவைத்த நிரல், சோர்ஸ். அதிலிருந்து மெஷின் ஓட்டுகிற மாதிரி கட்டியெடுப்பது பேக்கேஜ். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

அவள் அண்ணனுக்கும் அதே அலுவலகம். விளையாட்டாக ஒரு வரியைச் சேர்த்து பேக்கேஜைக் கையாலேயே கட்டி அனுப்பியவர், சோர்ஸில் சேர்க்க மறந்தார். மறுவாரம் ஆளே இல்லை. அன்றிலிருந்து காலையில் அவள் வேலைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் வரும்: “வந்துட்டியா, குட்டச்சி?”

கையால் கட்டியதையெல்லாம் அழித்து, அன்று மதியத்துக்குள் சோர்ஸிலிருந்து புதிதாகக் கட்டி அனுப்பச் சொல்லி உத்தரவு. அதற்குத்தான் அழுகை.

3

“எதுக்குக்கா வந்தீங்க?” என்றாள், என்னை வாசலில் பார்த்ததும்.

“ஸ்குரூடிரைவரைத் திருப்பிக் குடுக்க.”

“அது உங்களோடதுதானே?”

“அப்படியா? சரி, அந்த வரிய நீயே சோர்ஸ்ல எழுதிடேன்டி.”

“அப்புறம் கேக்கறது அண்ணனா, நானா?”

என் யோசனையை நானே வாபஸ் வாங்கினேன். (இது அபூர்வம்.)

பழையதை அழித்தாள். சோர்ஸை இருவரும் மூக்கு ஒட்டத் தேடினோம்; அந்த வரி இல்லை. புதிதாகக் கட்டி ஓட்டினாள். திரையில் வந்தது:

“வந்துட்டியா, குட்டச்சி? அக்காவை உட்காரச் சொல்லு.”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“நீங்க எதையாவது தொட்டீங்களா?”

“எனக்கு மிக்ஸியே ஒழுங்கா ஓட்டத் தெரியாதுடி.”

உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் கேட்க வேண்டியதுதானே.

4

முடிவு ஒன்று: அவள் அதையும் அழித்து... வேண்டாம். முடிவு இரண்டு: அப்படியே அனுப்பி... அதுவும் வேண்டாம்.

மதியத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. “அனுப்பினா வேலை போயிடும்க்கா. அழிச்சா...” என்று என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி இறங்கிவிட்டேன். பால் இல்லை. பிறகு மேலே போகவும் இல்லை; நான் எட்டிப்பார்க்காமல் இருப்பது இந்தத் தெருவுக்கே அதிசயம்.

நேற்று இந்தக் கதையின் அச்சுப்படி வந்தது. என் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து சரி, கடைசி வரி தவிர. அதை நான் எழுதவில்லை. அடிக்கப் பேனாவைத் திறந்தேன், கை போகவில்லை. அடிப்பதா, விடுவதா, நீங்களே சொல்லுங்கள்.

“அக்கா, படிக்கிறவங்களையும் உட்காரச் சொல்லுங்க.”