ரயில்வே கனம்

நல்லம்மாளின் வீட்டு வாசலில் கோலம் போட இடம் கிடையாது. இருந்த இடமெல்லாம் இரும்பு. புதிதாக வருகிறவர்கள், இங்கே பழைய இரும்பு வாங்குகிறீர்களா என்று கேட்டுவிடுவார்கள். கேட்டவர்களுக்கு அந்த வீட்டில் அப்புறம் தேநீர் கிடைக்காது. அது பழைய இரும்பு இல்லை. அவள் புருஷன் பழனியப்பனின் கண்டுபிடிப்புகள்.

பழனியப்பன் செந்தூல் ரயில்வே பட்டறையில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்றாம் வருடம் பெஞ்சன் ஆனதும், பிரிக்பீல்ட்ஸில் கொடுத்திருந்த ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. சின்னையா என்ற சிநேகிதருக்குக் கிள்ளான் பக்கத்தில் மேருவில் ஒன்றரை ஏக்கர் சும்மா கிடந்தது. பயிர் செய்கிற வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் என்று அவர் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் என்று இருபத்தெட்டு வருடத்தைக் கழித்த நல்லம்மாளுக்கு அந்த மண்ணைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வெண்டை போட்டாள், பயற்றங்காய் போட்டாள், கீரை போட்டாள். ஒரே வருடத்தில் கிள்ளான் பாசார் சந்தையில் 'மேரு அக்கா கீரை' என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

பழனியப்பன் தன் பங்குக்கு ஜப்பான்காரன் செய்த சின்ன டிராக்டர் ஒன்றைப் பழையதாகப் பிடித்து வந்தார். வெறும் டிராக்டர். பின்னால் மாட்டிக்கொள்கிற கலப்பை, புல்வெட்டி என்று ஒரு துரும்பு கிடையாது. அதெல்லாம் கிள்ளானில் கடையிலேயே விற்கிறதே என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ரயில் எஞ்சினையே கழற்றி மாட்டினவனிடம் கலப்பை வாங்கிவா என்கிறாயே என்று அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

லோரி ஸ்பிரிங் பட்டைகளை வளைத்து முதலில் ஒரு கலப்பை செய்தார். அது நன்றாக உழுதது. வந்த வினையே அதுதான். முதல் முயற்சி பலித்துவிட்ட ஆம்பிளையை அப்புறம் அந்த ஆண்டவனாலும் நிறுத்த முடியாது.

அடுத்தது, வேலிக்கம்பம் நட ஒரு குழிதோண்டி. லோரியின் பின்அச்சை அறுத்து, அதில் ஒரு பெரிய திருகைப் பொருத்தினார். அச்சைத் தலைகீழாக வைத்துப் பற்றவைத்துவிட்டதால் திருகு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. தோண்டாதது மட்டுமில்லை, பாவம், நல்லம்மாள் கையால் தோண்டி வைத்திருந்த குழியையும் மூடிக் கொடுத்தது. நாகையா என்று ஒருவர் உண்டு. லோரி ஓட்டி ஓய்ந்தவர். தினமும் பத்து மணிக்கு வந்து மரப்பெட்டியில் உட்கார்ந்து பழனியப்பனை வியப்பதுதான் அவருக்கு உத்தியோகம். குழியை மூடுவதற்கும் ஒரு மெஷின் வேண்டியதுதானே என்று அவர் ஆறுதல் சொன்னார். நல்லம்மாள் இருவருக்கும் தேநீர் போட்டாள்.

அப்புறம் ஒரு பாரந்தூக்கி. அப்புறம் ஒரு புல்வெட்டி. முதல் நாளே அதன் கத்தி கழன்று பறந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்புசாமியின் வாழைக்குலையைச் சீவியது. தம்புசாமி சண்டைக்கு வரவில்லை. தனக்கும் ஒன்று செய்து தரச் சொல்லி வந்தார். பழனியப்பன் செய்து கொடுத்தார். கோயில்காரர்கள் பந்தல் சாமான் இழுக்க வண்டி கேட்டார்கள், அதையும் செய்து கொடுத்தார். ஊரில் யார் எதைக் கேட்டாலும் மறுநாளே பொறி பறந்தது.

நல்லம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று, மூன்று வருடமாக. மேருவில் மழை பிடித்தால் மட்டமான நிலத்தில் விதை மிதக்கும். மண்ணை மேடாகப் பாத்தி கட்டித்தான் போட வேண்டும். கலப்பை உழுது கொடுத்துவிடும். அதற்குப் பிறகு நாற்பது பாத்தியையும் மண்வெட்டியால் இழுத்துக் கூட்டுவது அவள் இடுப்பு. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்தால் இரண்டு பக்கத்து மண்ணையும் நடுவில் குவிக்கிற மாதிரி ஒரு சாமான் வேண்டும் என்றாள். செய்யலாம் என்றார் பழனியப்பன். குழாய் ஒழுகுகிறது என்றாலும் அவர் அதைத்தான் சொல்வார். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

எண்பத்தாறு ஆகஸ்டில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இனி மண்வெட்டியைத் தொடக்கூடாது என்று கிள்ளானில் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். செய்தி கேட்டு மகள் தனலெட்சுமி பங்சாரிலிருந்து ஓடிவந்தாள். அவளும் மருமகன் விஜயனும் அங்கே நாலாவது மாடியில் இருந்தார்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் எங்களோடு வந்துவிடுங்கள், பல்கனியில் மூன்று தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். சின்னையாவும் நல்ல மனசோடுதான், பயிர் வைக்க முடியாவிட்டால் தன் அண்ணன் மகன் நிலத்தைக் கேட்கிறான் என்று இழுத்தார். இத்தனை பேருடைய நல்ல மனசும் ஒன்றுகூடி வந்தால் தப்பிக்க வழியேது? தீபாவளி மழைக்கு முன்னால் பாத்தி எழும்பி விதை விழவில்லையென்றால், அக்டோபர் கடைசி ஞாயிறு கார் கொண்டுவந்து அழைத்துப்போவதாகப் பேச்சு முடிந்தது.

அன்று ராத்திரி சோறு போடும்போது நல்லம்மாள் புருஷனிடம் சொன்னாள். "ஊருக்கெல்லாம் செஞ்சு குடுத்தீங்க. எனக்கு அந்தப் பாத்தி போடுற சாமான் ஒண்ண மட்டும் செஞ்சு குடுங்க. இல்லன்னா நான் மறுபடியும் சுவத்தப் பாத்துக்கிட்டுத்தான் உக்காரணும்."

மறுநாளே பட்டறைக் கொட்டகைக்குக் கதவு முளைத்தது. இரண்டு நல்ல கனமான பலகையில் கதவு, அதற்குப் பூட்டு. நாகையாவுக்கே அனுமதி இல்லை. அவர் மரப்பெட்டியை வெளியே போட்டுக்கொண்டு கதவை வியந்துகொண்டிருந்தார். டெங்கில் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தள்ளுவண்டி ஓடிக் கழித்துப்போட்ட சிறு தண்டவாளத் துண்டுகள் ஒரு லோரியில் வந்து இறங்கின. ஐந்து வாரம் உள்ளே சத்தம் கேட்டது. ரயில் எதனால் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது தெரியுமா, கனத்தால் என்று சாப்பாட்டு வேளையில் பழனியப்பன் பாடம் நடத்தினார். கனம் இருந்தால்தான் பிடிப்பு. ரயில்வேயில் படித்த அந்த ஒரு பாடத்தை மனுஷன் காய்கறித் தோட்டத்திலும் மறக்கவில்லை.

சரஸ்வதி பூஜை அன்று கதவு திறந்தது. நல்லம்மாள் உள்ளே பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்தது. தண்டவாளத்தை அறுத்துப் பற்றவைத்து, மூலைக்கு மூலை இரும்புத்தகடு வைத்து, கிள்ளான் ஆற்றுக்குப் பாலம் கட்டுவது போல ஒன்றைச் செய்து வைத்திருந்தார். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் போட்டாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பழனியப்பன் ஏறி உட்கார்ந்து, பின்னால் மாட்டிய சாமானைத் தூக்குகிற நெம்புகோலை இழுத்தார்.

சாமான் எழும்பவில்லை. டிராக்டரின் மூக்கு எழும்பியது. முன்சக்கரம் இரண்டும் ஒரு முழம் மேலே போய், பழனியப்பன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாக்கச் சாய்ந்திருந்தார். பின்சக்கரத்து எலுமிச்சம்பழம் கூழாகிப்போயிருந்தது. முன்சக்கரத்துப் பழங்கள் மட்டும் வைத்தபடி முழுசாக இருந்தன. சாமிக்கு ஏதோ குறை என்று நாகையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். குறை சாமிக்கு இல்லை என்று நல்லம்மாளுக்குத் தெரியும். அவள் நாலு பேருக்கும் தேநீர் போடப் போனாள்.

பின்னால் கனம் அதிகம் என்றால் வேறு எவனாவது பின்னால் குறைப்பான். பழனியப்பன் பத்து நாள் செலவழித்து முன்னால் கூட்டினார். மீதித் தண்டவாளத்தையெல்லாம் டிராக்டரின் மூக்கில் கட்டித் தொங்கவிட்டதும் வண்டி சமமாக நின்றது. சமமாகவே பத்தடி போய், சமமாகவே அச்சு வரைக்கும் சேற்றுமண்ணில் இறங்கியது. தம்புசாமியின் அண்ணன் மகனுடைய லோரியைச் சங்கிலி கட்டி இழுக்க வைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். லோரி வர வழி வேண்டுமென்று காய்த்துக் கிடந்த பயற்றங்காய்ப் பந்தலைப் பிரித்துப்போட்டார்கள். அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிறு தனலெட்சுமி வருகிற நாள்.

எல்லோரும் போன பிறகு பழனியப்பன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்து அகலச் சக்கரம் என்று ஆரம்பிப்பார், ஆரம்பித்தால் இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நல்லம்மாள் வந்தாள். அவர் ஆரம்பிக்கவில்லை.

"தம்புசாமிக்குச் செஞ்சது ஒடஞ்சா அவன் சிரிச்சுட்டுப் போயிடுவான்லா," என்றார். "அதனால கெடச்சத வச்சு ஒட்டிக் குடுத்துருவேன். ஒனக்குச் செய்யறது ஒடையக் கூடாதுன்னு நெனச்சேன். அதான் மூணு வருசமா தள்ளிக்கிட்டே வந்தேன். நான் போனதுக்கு அப்புறமும் அது ஒனக்கு இருக்கணும்."

நல்லம்மாளுக்கு அழுகையும் வந்தது, கையில் ஸ்பேனர் இருந்தால் ஒன்று போடலாம் என்றும் வந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் இந்த மனுஷன் அவள்மேல் வைத்திருக்கும் பிரியத்தை வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அதைச் சொல்ல அரை டன் தண்டவாளம் தேவைப்பட்டிருக்கிறது. அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் போய்ச் சப்பாத்திக்கு மாவு எடுத்தாள். டப்பா சரிந்து மாவு மேடையில் சிந்தியது. இரண்டு உள்ளங்கையையும் சாய்த்து வைத்து, முன்னால் அகலமும் பின்னால் குறுகலுமாக இழுத்துக் கூட்டினாள். மாவு நடுவில் வரப்பாகக் குவிந்தது. அவள் அதைக் கலைத்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

விடிந்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறைக் கதவைக் கழற்றினாள். இரண்டு பலகையையும் படுக்கவாட்டில் விளிம்பின்மேல் நிறுத்தி, முன்வாய் அகலமாக, பின்வாய் ஒரு முழம் மட்டும் திறந்திருக்க, மேலே ஒரு குறுக்குப்பலகை வைத்து ஆணி அடிக்கச் சொன்னாள். பழனியப்பன் அடித்தார். இது இரண்டு நாள்கூடத் தாங்காது என்று சொல்லிக்கொண்டே அடித்தார். இரண்டு நாளில் நாற்பது பாத்தியும் முடிந்துவிடும், அப்புறம் உடைந்தால் அடுப்புக்கு ஆகும் என்றாள் அவள்.

டிராக்டரில் அவளே ஏறினாள். மூன்று வருடமாக அவர் அடியில் படுத்துக்கொண்டு கிளட்சை மிதி, லீவரைத் தூக்கு, கியரை மாற்று என்று கத்தக் கத்த மேலே உட்கார்ந்து செய்தவள் அவள்தான். சங்கிலி மாட்டி இழுத்தாள். பலகை மண்மேல் வழுக்கிக்கொண்டே வந்தது. ஒரு பிடி மண் நகரவில்லை.

பழனியப்பனின் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. "கனம் பத்தல," என்றார்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் சொன்னது சரி. நல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். தண்டவாளத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க ஏறி நில்லுங்க."

குறுக்குப்பலகைமேல் நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பலகை மண்ணைக் கவ்வியது. உழுத மண் இரண்டு பக்கமிருந்தும் சுருண்டு வந்து, பின்வாயில் மேடாக, நேராக, ஒரு பாத்தியாக வெளியே விழுந்தது. மண் அதிகமாக ஏறினால் அவர் ஒரு காலை எடுத்துக்கொண்டார். குறைந்தால் இரண்டு காலையும் ஊன்றினார். தண்டவாளத்தால் அதைச் செய்ய முடியுமா? பத்து மணிக்கு வந்த நாகையா மரப்பெட்டியில் உட்கார மறந்து நின்றார். தானும் கொஞ்ச நேரம் ஏறி நிற்கட்டுமா என்று கேட்டார். அவருக்குத் தொந்தி அதிகம் என்று பழனியப்பன் மறுத்துவிட்டார்.

இடுப்புவலி பார்த்து, நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினாள். ஞாயிறு காலை இருபத்தொன்பது பாத்தி முடிந்திருந்தபோது விஜயனின் கார் வந்தது. சாமான் ஏற்றுவதற்காகப் பின்பெட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தனலெட்சுமி வரப்பில் நின்று பார்த்தாள். அம்மா டிராக்டர் ஓட்டுகிறாள். ரயில்வே ஃபிட்டர் அப்பா, முழங்கால் வரைக்கும் சேறோடு, ஒரு பலகைமேல் நின்று இழுபட்டுக்கொண்டு வருகிறார். பிள்ளை டிராக்டருக்குப் பக்கத்தில் போனாள். கிளம்பவில்லையா என்று கேட்டாள்.

நல்லம்மாள் எஞ்சினை நிறுத்தவில்லை. "எனக்கு இன்னும் பதினோரு பாத்தி கெடக்கு. வரலம்மா," என்றாள். "அப்பா வர்றாரான்னு கேளு. அங்க கொழா ஏதும் ஒழுகுனா பாத்துக்குவாரு."

தனலெட்சுமி அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு அவள் கேட்டதே ஆச்சரியமாக இருந்தது.

"நான் எப்படிம்மா வர்றது," என்றார். "நான் எறங்கிட்டா மண்ணு புடிக்காதே."

தான் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது என்று பழனியப்பன் செந்தூலில் இருபத்தெட்டு வருடம் சொல்லியிருக்கிறார். அவர் பெஞ்சன் வாங்கி வந்த மறுநாளும் எல்லா ரயிலும் ஓடின. நல்லம்மாள் அதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கியரைப் போட்டாள்.