லாரக்கில் வடிந்த எண்ணெய்

எங்கள் ஊரான கும்ஸாரில் ஹம்தூன் தன் படகு மோட்டாரில் ஏற்றிய கியர் ஆயில், ஜலசந்திக்கு அந்தப் பக்கம் லாரக் தீவில் அவனுடைய மாமனார் தர்வேஷின் மோட்டாரிலிருந்து வடிந்த ஆண்டில் நெத்திலி சுமாராகத்தான் பட்டது. எந்த ஆண்டு என்று நினைவிருப்பதே நெத்திலியால்தான். எண்ணெய் விஷயத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹம்தூன் ஏற்றியிருந்தது நீல எண்ணெய். நூறு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கீழ் ஸ்குரூவைக் கழற்றினால் சிவப்பாக வருகிறது. சிவப்பு, லாரக் கடைகளில் விற்கும் சரக்கு. அந்தக் கரையிலிருந்து ஆடு ஏற்றிவரும் சலூம், கிழவர் தன் மோட்டாரில் வடிந்த நீல எண்ணெயைத் தகர டப்பாவில் பிடித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததாக மறுவாரம் வந்து சொன்னான். இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த எண் போட்டு வந்த மோட்டார்கள் என்பதால் இப்படி இருக்கலாம் என்று பேசிக்கொண்டோம். பிறகு அவரவர் வலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அந்த இரண்டையும் கஸப் பட்டணத்தில் வாங்கி வந்தவர் தர்வேஷ்தான். ஒன்று தமக்கு, மற்றொன்று மகள் கல்ஸூமின் கல்யாணச் சீர். கல்யாணத்தன்று காலையில் எங்கள் கரையில் உட்கார்ந்து தம் மோட்டாருக்கு எண்ணெய் ஏற்றும்போது, கீழ் ஸ்குரூவின் வாஷர் கைநழுவிக் கூழாங்கல்லுக்குள் போய்விட்டது. மனிதர் அசரவில்லை. காலில் இருந்த நீல ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி, குதிகால் பக்கம் ஒரு சீவல் சீவி, வட்டமாக வெட்டி மாட்டினார். லாரக்கில் பாதி மோட்டார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. மாப்பிள்ளை ஹம்தூனோ மெக்கானிக். கஸபில் மூன்று ஆண்டு தொழில் கற்றவன். வாய் சும்மா இருக்கவில்லை.

“என்ன மாமா, கால்ல போடுறத மோட்டாருக்குப் போடுறீங்க? அப்ப கால்ல எதப் போடுவீங்க, வாஷரையா?”

கரையே சிரித்தது. சிரிக்காதவர் யாருமில்லை, இதை எழுதுகிறவன் உட்பட. தர்வேஷ் ஸ்குரூவை இறுக்கினார், மோட்டாரைப் படகில் ஏற்றினார். சோறு வெந்துகொண்டிருந்தது. இனி இந்தக் கரையில் தன் கால் படாது, இந்த ஊர்ப் பேச்சு தன் காதில் விழாது என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் வைத்துவிட்டு, வெட்டுப்பட்ட செருப்போடு போய்விட்டார். இன்னொரு செருப்பு கரையிலேயே கிடந்தது. கல்ஸூம் அதை எடுத்துப் போய் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

சத்தியத்தில் எண்ணெயைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் அது போய்வந்துகொண்டிருந்தது. போனில் மகள் குரல் கேட்டதும் வைத்துவிடுகிற மனிதரைப் பற்றி, அவருடைய எண்ணெயிலிருந்து கல்ஸூம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். விரலில் தேய்த்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். எண்ணெய் கறுத்திருந்தால் வாப்பா தூரக்கடலுக்குப் போகிறார். ஸ்குரூவின் காந்தத்தில் இரும்புத்தூள் குறைவாக ஒட்டியிருந்தால் முதுகுவலி வந்து கரையில் படுத்திருக்கிறார். ஒருமுறை காய்ந்த எலுமிச்சை வாசனை வந்தது. வீட்டில் விருந்து என்றாள். சலூமிடம் விசாரித்தால், ஆமாம், தங்கைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. எங்கள் பெண்கள் லாரக்கில் வஞ்சிரம் படுகிறதா என்றுகூட அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். வானிலை அறிக்கையை விட அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

மூன்றாம் ஆண்டு, பேரீச்சை அறுப்புக்காக ஊரே கஸபுக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, எண்ணெய் பால் போல வெள்ளையாக வந்தது. கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால்தான் அப்படி வரும். ஹம்தூன் தன் மோட்டாரின் சீல்களை மூன்று தடவை சோதித்தான், குறை ஒன்றும் இல்லை. அந்த வெள்ளையில் நீலப் பொடி மிதந்தது. கல்ஸூம் சுவரிலிருந்த செருப்பை எடுத்து வந்து பொடியை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நீலம்.

“இன்னும் அந்தச் செருப்பத்தான் வெட்டிப் போட்டுக்கிட்டிருக்காரு. வழியில கியர் பல்லு ஒடைஞ்சா, அங்க கப்பல் போற எடத்துல என்ன செய்வாரு?”

ஹம்தூன் புது வாஷர்களைச் சலூமிடம் கொடுத்தனுப்பினான். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் கிழவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு கல்ஸூம் ஒரு புது வாஷரை எண்ணெயில் ஊறவைத்து, இரண்டாக மடித்து, கீழ்த்துளை வழியே உள்ளே தள்ளினாள். ஹம்தூன் அதன் பின்னாலேயே எண்ணெயை அடித்தான். மேல்துளையில் எண்ணெய் தலைகாட்டியதும் முதலில் மேலே மூடி, பிறகு கீழே மூடினான். பத்து நாள் கழித்துத் திறந்தால், மடித்த மடிப்புக் கலையாமல் வாஷர் திரும்பி வந்திருந்தது. எண்ணெய் முன்னைவிட வெள்ளை.

அந்த வாரமே கிழவரின் மோட்டார் நடு ஜலசந்தியில் நின்றுவிட்டது. எண்ணெய்க் கப்பல் ஒன்று கிளப்பிய அலையில் படகு கவிழப் பார்த்ததாம். பிற்பகல் முழுக்க மிதந்தவரை வேறு படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். கரையேறியதும் பல் உடைந்த கியரை மாற்றிவிட்டு, மறுபடியும் செருப்பை வெட்டிப் போட்டாராம். சலூம் இதைச் சொன்னபோது கல்ஸூம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தவள், அன்று பிறகு சாப்பிடவில்லை. வாப்பா செத்துப்போவார், அதுவும் ஒரு வாஷருக்காக என்று அழுதாள். ஹம்தூன் திரும்பி வந்த வாஷரை எடுத்துத் துடைத்தான்.

“அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது.”

அதை அவன் சொன்னது அந்த ஒருமுறைதான். கல்ஸூம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்களுடைய மகள் மோஸாவுக்கு இரண்டு வயது. அவளுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் ரப்பர் செருப்பில் ஒன்றையும் பிளேடையும் கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள்.

“நீங்களே வெட்டுங்க.”

கஸபில் தொழில் கற்றவன் வெட்டினான். பிஞ்சுக் குதிகால் பதிந்து பள்ளம் விழுந்த இடத்தில் ஒரு சீவல் எடுத்து, பழைய வாஷரை மேலே வைத்து வட்டம் கீறி, பிசிறைக்கூட விடாமல் சீராக்கினான். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதை மடித்து உள்ளே தள்ளி எண்ணெய் அடித்தான்.

அறுப்பு முடிந்து எல்லோரும் ஊர் திரும்பியதும் மோட்டாரைத் திறந்தான். எண்ணெய் தெளிந்த சிவப்பாக வந்தது, வெள்ளை துளியும் இல்லை. காந்தத்தில் மஞ்சள் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. காந்தம் ரப்பரைப் பிடிக்காது என்று ஹம்தூன் யாருக்கு வேண்டுமானாலும் விளக்குவான். ஆனாலும் பிடித்திருந்தது. கல்ஸூம் அந்தத் துணுக்கை விரல் நுனியில் எடுத்து மோஸாவின் உள்ளங்காலில் ஒட்டினாள், குழந்தை கூச்சத்தில் நெளிந்தது. கடைசிச் சொட்டோடு இன்னொன்றும் வந்தது. அந்தப் பக்கம் கிழவர் மடித்துத் தள்ளிய நீலச் செருப்பு வாஷர், கோணல்மாணலாக வெட்டியது. ஹம்தூன் அதைத் துடைத்தான், விரித்தான், தன் ஸ்குரூவில் இருந்த கடை வாஷரைக் கழற்றிவிட்டு அதை மாட்டி இறுக்கினான்.

இப்போது மோஸாவுக்கு ஒன்பது வயது. ஒவ்வோர் ஆண்டும் அவளுக்குச் சின்னதாகிப்போகும் செருப்பிலிருந்து ஒரு வட்டம் லாரக்குக்குப் போகிறது. பேத்தி எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று கிழவர் ரப்பரின் தடிமனைப் பார்த்தே சொல்லிவிடுகிறார் என்கிறான் சலூம். சத்தியம் அப்படியே இருக்கிறது. அவர் கால் இந்தக் கரையில் படவில்லை, எங்கள் பேச்சு அவர் காதில் விழவில்லை. அடுத்தவர் மோட்டாருக்கெல்லாம் ஹம்தூன் கடை வாஷர்தான் போடுகிறான், செருப்பை வெட்டிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைத் திட்டவும் செய்கிறான். அவன் மோட்டாரில் இருப்பது நீலச் செருப்பு. இன்றுவரை ஒரு சொட்டும் கசிந்ததில்லை. இந்த ஆண்டு நெத்திலி பரவாயில்லை.