டேப்பின் மடித்த முனை

…கர்ர் என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி, மறுபடி கர்ர்… கனவுக்குள் அத்தா லைனிங் துணி கிழித்துக்கொண்டிருந்தார், கூடுவாஞ்சேரிக் கடையில் முழம் போட்டு, கத்தரியால் ஒரு வெட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பாரே அதே மாதிரி, துணி மட்டும் தீரவே இல்லை, வெள்ளையாய் வாசல் தாண்டி ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது, பஸ்ஸெல்லாம் அதன் மேல் சத்தமில்லாமல் போயின… ஆனால் அத்தா எப்படி இங்கே வருவார், இது ராஜகீழ்ப்பாக்கம், என் மாமியார் வீடு, ஜும்மா சாப்பாடு வயிற்றில் கனக்கிறது, ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு முனகல் முனகுகிறது, ஜன்னலில் மழை விட்ட வெளிச்சம். அத்தா சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுத்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை செங்கல்பட்டு நுகர்வோர் கோர்ட்டில் புகார் கொடுக்கப் போகிறோம், நானும் அவரும், ஒரு மைக்ரோவேவ் ஓவனுக்காக. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். சரியாகச் சொன்னால் ஓவன்கூட இல்லை, ஒரு பேர்தான் விஷயம்… எனக்கு ஷாகுலைப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டவர்களிடமெல்லாம் அத்தா, கம்ப்யூட்டர்லயே கடை வச்சிருக்காரு, என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார், அந்தக் கடைக்கு ஷட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமலே. நெட்டில் சார்ஜரும் மெமரி கார்டும் விற்கிறார் என்ற அளவுக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை தொழிலுக்கு மரியாதையாகச் சீர் சாமானில் ஒன்றையாவது நெட்டில் வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெரியம்மா மகன் ஃபயாஸ் பக்கத்தில் உட்கார்ந்து தன் கணக்கிலேயே வாங்கிக் கொடுத்தான். ஆயிரம் பேர் விற்கிற அந்தச் சந்தையில், ஓவன் விற்றவனுக்குப் பேர் ஹேப்பி ஹோம் 77. "இன்னாடா பேரு இது, இனிஷியல் இல்ல, ஊரு இல்ல?" என்றார் அத்தா. "பேர பாக்காதீங்க சாச்சா, ஸ்டார பாருங்க," என்றான் ஃபயாஸ். அத்தா ஸ்டாரைப் பார்த்தார். அவர் கடைப் போர்டில் அப்துல் கஃபார் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பட்டன் உடைந்தால் யாரைத் திட்டுவது என்று ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட மனுஷர் ஐந்து மஞ்சள் நட்சத்திரத்தை நம்பினார், பாவம்.

பெட்டி வந்தது, பீரோ மேல் ஏறியது. கல்யாணம் வரைக்கும் அங்கேதான். சீர்ப் பெட்டியைப் பெண் வீட்டில் பிரிப்பார்களா யாராவது, பிரித்த பெட்டியை அனுப்பினால் நாலு பேர் என்ன பேசுவார்கள், அது மாப்பிள்ளை வீட்டில்தான் திறக்க வேண்டும். சாமானைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஏதோ பத்து நாள் கெடுவாமே, அது அந்தப் பீரோ மேலேயே ஓடிப் போயிற்று, எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வெள்ளிக்கிழமையானால் அத்தா ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் பெட்டியைத் துடைப்பார், அடி மூலையில் டேப் கொஞ்சம் துருத்திக்கொண்டு அங்கே மட்டும் தூசி அடைகிறது என்று கட்டைவிரலால் தேய்ப்பார், குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி. அப்புறம் இந்த ஹால், கல்யாணத்துக்கு மறுநாள், சொந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, மாமி நடுவில். நாத்தனார் ஃபஹீமா கத்தரிக்கோல் எங்கே என்று வீடு முழுக்கத் தேடுகிறாள். ஷாகுல் வந்தார், பெட்டியை லேசாகச் சாய்த்தார், அடியில் கையை விட்டார், ஒரே இழுப்பு, டேப் முழுசாக வந்துவிட்டது… நான் முந்தானைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சாமர்த்தியமான கை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

பெட்டி திறந்ததும் யாரோ சமைத்து முடித்த அடுப்பங்கரை வாசம் வந்தது. கண்ணாடித் தட்டுக்கு அடியில் கருகிய சீரகம், கதவின் ரப்பரில் மஞ்சள் கறை, எலுமிச்சை போட்டுத் துடைத்தும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு. மாமி குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்லமா, பழகின சாமான், கை கடிக்காது," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கதவோரம் நின்ற அத்தா முகம்… அதை நினைக்கக் கூடாது என்றுதான் மத்தியானத்தில் தூங்குகிறேன், தூக்கத்திலும் அதுவே வருகிறது. மகளுக்குப் பழைய சாமானைக் கொடுத்த ஆள். அந்தப் பேர் அவருக்கு இந்த வீட்டில் நின்றுவிட்டது. வலைத்தளக்காரர்களுக்கு எழுதினோம், நாங்கள் சந்தை மட்டும்தான் நடத்துகிறோம், கெடு தாண்டிவிட்டது, விற்றவர் விவரம் தருவதற்கில்லை என்றார்கள். யார் விற்றது என்று தெரியாமலே ஒருவனிடம் ஏமாற முடியும் என்பதை அத்தாவால் ஜீரணிக்கவே முடியவில்லை. "பணம் வேணாம்மா, அவன் பேரு இன்னான்னு மட்டும் கோர்ட்ல கேட்டு வாங்கிக் குடுத்தா போதும், அத இந்த வூட்டு ஆளுங்க முன்னாடி ஒரு தடவ சொல்லிட்டு வந்துர்றேன்," என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. ஃபயாஸின் கணக்கில் நுழைந்து, விற்றவருக்குச் செய்தி அனுப்ப என்று இருக்கிற பெட்டியில் எழுதினேன், இதே வீட்டில், ஷாகுலின் கம்ப்யூட்டரில். என் அத்தா கதவோரம் நின்றார் என்று எழுதினேன். நீங்கள் யார் என்று எழுதினேன். உங்களுக்கு மகள் இருந்தால் என்று ஆரம்பித்து, அழுகை வந்து, அப்படியே அனுப்பினேன். பதிலே வரவில்லை. ஷாகுல் மட்டும், "விடு ஷபீனா, எவனோ என்னவோ, கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையணும்," என்பார், அந்தச் சீரகத்தைப் பல்குத்தும் குச்சியால் அவரே சுரண்டி எடுத்தார், நான் அழுது எழுதிய நாட்களிலெல்லாம் தாம்பரத்திலிருந்து எனக்குப் பிடித்த பாதாம் அல்வா வாங்கி வந்தார். கொடுத்து வைத்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கர்ர்… இது கனவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் ஹாலுக்கு வந்தேன். ஷாகுல் தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். சாமான் கட்டுவதெல்லாம் அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு எடுத்த அறையில்தான், இன்று அங்கே ஒழுகுகிறதாம், வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். அவர் பெட்டி கட்டி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மிக்ஸி என்று படம் போட்டிருந்தது. சார்ஜர் மட்டும்தானே விற்பீர்கள் என்று கேட்டேனா, நினைத்தேனா… அவர் டேப்பை அடிப்பக்கம் கொண்டுபோய், மூலையில் அறுத்து, நுனியைச் சின்ன முக்கோணமாக உள்ளே மடித்து, துருத்திக்கொண்டிருக்கும்படி விட்டார்.

"ஏங்க அப்படி மடிக்கிறீங்க?"

"வாங்கறவங்க நகத்தால சுரண்டிக்கினு கஷ்டப்படக் கூடாதுல்ல. அந்த முக்கோணத்தப் புடிச்சு இழுத்தா மொத்தமா வந்துரும். அடியில வச்சா வழியிலயும் பிரியாது," என்றார், நிமிராமல், பெருமையாக. பிறகுதான் நிமிர்ந்தார். நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் அந்த முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கத்தரிக்கோல் தேடாத கை. தேடாமலே அடிக்குப் போன கை… அன்றைக்கே தெரியுமா, இல்லை, கைக்கு மட்டும்தான் தெரிந்ததா, எத்தனையோ பெட்டி கட்டியவருக்கு எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று நினைவிருக்குமா, ஃபயாஸ் பேருக்குப் போன பெட்டி தன் மாமனார் பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும், தெரியாமல்தான் விற்றார், விற்றது தெரியாமல்தான், அதுவரைக்கும் சரி. ஆனால் நான் எழுதியது. நீங்கள் யார் என்று கேட்டது அடுத்த அறையில் அவருக்கே போயிருக்கிறது. பதில் வரவில்லை என்று எப்படிச் சொன்னேன், வந்துகொண்டேதானே இருந்தது, நெய் ஒழுக, தாம்பரத்துக் கடைக் காகிதத்தில் சுற்றி. நான்தான் தின்றேன். இப்போது கையெழுத்துப் போட்டால் கோர்ட் கேட்கும், சந்தைக்காரன் சொல்வான், அத்தா ஆசைப்பட்ட அந்தப் பேர் அவர் கையில் கிடைக்கும், அதைக் கொண்டுவந்து இந்த ஹாலில், மாமி முன்னால் வாசிப்பார். போடாவிட்டால் பழைய சாமான் கொடுத்தவர் பேர் அத்தாவோடு போகும். எனக்கு இரண்டு பேரும் வேண்டியிருக்கிறது, அதுதான் கேவலம்.

அத்தா வந்தபோது மழை மறுபடி பிடித்திருந்தது. கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டே, மாமிக்கு சலாம் சொல்லி, புகார்த் தாள் வைத்த மஞ்சள் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். பக்கத்தில் அந்த மிக்ஸிப் பெட்டி. நான் டீ போட உள்ளே போனேன், சமையலறைக் கதவிடுக்கில் பார்த்தேன், காலை நீட்ட இடமில்லாமல் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினார், கடைக்காரர் இல்லையா, யார் கட்டிய கட்டு என்று தொட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டார், கை தானாக அடிக்குப் போனது, கட்டைவிரல் மூலையில் நின்றது… பால் பொங்கியது, அடுப்பை அணைக்கத் திரும்பினேன். டீயோடு வந்தபோது மஞ்சள் பையைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார். ஷாகுல் எதிரில் நின்றார், எங்கே பார்ப்பது என்று தெரியாதவர் மாதிரி.

"அந்த ஓவன் விஷயம் வேணாம்மா, விட்டுரலாம்," என்றார் அத்தா, என்னைப் பார்க்காமல் மாமியைப் பார்த்து. "தப்பு என் மேலதான். வாங்குனவன் நான்தான தொறந்து பாத்திருக்கணும். யாரக் கேட்டு இன்னா ஆவப்போவுது."

"அதெல்லாம் யாரும் மனசுல வச்சுக்கல," என்றார் மாமி. டீயை நின்றபடியே குடித்தார் அத்தா. "மாப்பிள்ளை, மழைல ஸ்கூட்டர எடுக்காதீங்க," என்று சொன்னார், எப்போதும் சொல்வதுதான். கேட் வரைக்கும் போனேன். அத்தா, என்றேன். "உள்ள போம்மா, நனையுற," என்றார். ஆட்டோ வேளச்சேரி ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நின்றேன், மழையில் எல்லா ஆட்டோவும் ஒரே மாதிரி இருந்தது.

உள்ளே வந்து, தரையில் சிந்திய டீயைத் துடைக்கக் குனிந்தபோதுதான் பெட்டியின் மூலையைப் பார்த்தேன். முக்கோணம் இல்லை. மடிப்பை நிமிர்த்தி, டேப்போடு டேப்பாக, நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார், தேடினாலும் முனை அகப்படாதபடி, நான் பார்த்துவிடக் கூடாது என்று.