திடுக்கிடாத கை

பிள்ளை பிறந்ததும் அழவில்லை. கனகேஸ்வரி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளவத்தையில் அந்தச் சின்ன நர்சிங்ஹோமின் சிங்கள டொக்டர், நீலம் பாரித்த பாதங்களைச் சுண்டி, முதுகைத் தேய்த்துவிட்டு, "பஹயி" என்றார்.

அவள் சண்டைக்குள்ளால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏழு மாதம். சிங்களத்தில் எண் மட்டும் தெரியும். ஐந்து. எது ஐந்து? பிள்ளையின் நிறையோ? யோசிக்கும்போதே பிள்ளை வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் டொக்டர், "நமயயி" என்றார்.

ஒன்பது! நிறை இப்படி ஏறுமா?

"மிஸ், என்னத்தை எண்ணுறார்?"

"மார்க்ஸ்," என்றாள் நர்ஸ் ஜெஸீமா. "மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, நிறமெல்லாம் பாத்து பத்துக்குப் போடுற. ஒம்பது நல்லம்."

பிறந்து ஐந்து நிமிடத்தில் சோதனையா?

டொக்டர் பிள்ளையின் தலையை உள்ளங்கையில் ஏந்தி, சட்டென்று சற்றே தாழ்த்தினார். இடது கை விரிந்து பறந்தது. வலது கை கிடந்தபடியே கிடந்தது. மறுபடியும் தாழ்த்தினார். அதேதான். அவர் முகம் மாறிற்று.

"ஏன் பிள்ளையைத் திடுக்கிட வைக்கிறியள்?" என்று கத்தினாள் கனகேஸ்வரி.

"பொறந்த புள்ள ரெண்டு கையாலயும் திடுக்கிடத்தான் வேணும். அந்த ஒரு கை திடுக்கிடல்ல, அதத்தான் பாக்குறார்," என்றாள் ஜெஸீமா.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊரில் ஷெல் விழும்போதெல்லாம் மூத்தவனின் இரண்டு கைகளையும் நெஞ்சோடு அழுத்தி, "திடுக்கிடாதையடா ராசா" என்று கெஞ்சியவள் அவள். இங்கே திடுக்கிடாததுதான் குறையாம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறக்கும்போது தோளெலும்பில் சின்ன வெடிப்பு. தானாகப் பொருந்திவிடும் என்று சொல்லி, கை அசையாமல் இருக்க, வலது சட்டைக்கையைச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தோடு சேஃப்டி பின் குத்திப் பொருத்திவிட்டார் டொக்டர்.

உள்ளே வந்த அவள் புருசன் சிவபாலன் குழம்பிப் போனான். "கை வழங்காதாமோ, அசைக்கேலாதாமோ?"

"இல்லையாம். ஒன்பது மார்க்ஸாம்."

"அப்ப ஏன் கட்டியிருக்கு?"

"எனக்கும் வடிவா விளங்கேல்லையப்பா."

மூன்று கிழமை கழித்துத் திரும்பக் கொண்டுபோனார்கள். டொக்டர் பின்னைக் கழற்றி, தலையைத் தாழ்த்தினார். இரண்டு கைகளும் ஒன்றாக விரிந்தன. பிள்ளை பயந்து அலறியது. ஜெஸீமா கைதட்டிச் சிரித்தாள்.

கனகேஸ்வரி பிள்ளையைப் பறித்து மார்போடு அணைத்தாள். அதன் அழுகையை அடக்குவதா, தானும் சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.